கதவுக் கீறலும் பம்பர் டொக்கும்

எங்கள் வெள்ளை ஸ்விஃப்டுக்கு ஏழு வயது. சித்திரைத் திருவிழாவுக்கு முந்தைய வாரம், தெற்கு மாசி வீதியில் ஷேர் ஆட்டோவுக்கு வழிவிட ஒதுங்கினேன். ஓரமாக நின்ற தள்ளுவண்டியின் கம்பி இடது பின் கதவில் ஒரு முழ நீளத்துக்குக் கோடு இழுத்துவிட்டது. பத்து நாள்கூட ஆகவில்லை, அழகர்கோவிலில் ரிவர்ஸ் எடுக்கும்போது கல் தூணில் இடித்து பின் பம்பரிலும் ஒரு டொக்கு.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை. "இன்சூரன்ஸ் எதுக்குக் கட்டுறீங்க மச்சான்? கிளைம் போட்டு கம்பெனி சர்வீஸ்ல விடுங்க" என்றான் மனைவியின் தம்பி. "ஓடுற வண்டிக்கு அழகு எதுக்குப்பா, விடு" என்றார் அப்பா. எதிர் வீட்டு அண்ணன் தனக்குத் தெரிந்த டிங்கரிங் பட்டறையைச் சொன்னார். மூன்றையும் விசாரித்துப் பார்த்ததில் ஒன்று தெளிவானது. காருக்கு என்று ஒரே பதில் கிடையாது. கதவுக்கு ஒரு பதில், பம்பருக்கு வேறு பதில்.

முதலில் அப்பா சொன்னபடி அப்படியே விடுவது. இதை நான் லேசாக நினைக்கவில்லை, பல நேரம் இதுதான் சரியான முடிவு. ஆனால் விடுவதற்கு முன் கீறலின் குறுக்கே விரல் நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். நகம் வழுக்கிக்கொண்டு போனால் மேல் பூச்சில் பட்ட கீறல்தான், ரப்பிங் பாலிஷ் போட்டாலே பெரும்பாலும் மறைந்துவிடும். நகம் சிக்கினால் உள்ளே என்ன நிறம் தெரிகிறது என்று பாருங்கள். சாம்பல் நிறம் என்றால் பெயிண்டுக்கு அடியில் பூசும் பிரைமர் இன்னும் இருக்கிறது, டச்-அப் பேனா போதும். தகடு பளபளவென்று தெரிந்தால் கவலைப்பட வேண்டும். காரின் பெயிண்ட் அத்தனை அடுக்கும் சேர்ந்தே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைச் சுற்றித்தான் இருக்கும். தகட்டைக் காப்பது அவ்வளவு மெல்லிய தோல்தான்.

என் கதவில் கோட்டின் நடுவே நாலு விரல் நீளத்துக்குத் தகடு தெரிந்தது. கோடை மழை இரண்டு முறை பெய்தது. மூன்றாவது வாரம் துணியால் துடைக்கும்போது அந்த இடத்தில் மிளகு அளவில் இரண்டு பழுப்புப் புள்ளிகள். தேய்த்தேன், போகவில்லை. ராமேஸ்வரம் பக்கம் போல உப்புக் காற்று மதுரையில் இல்லை, அதனால் துரு மெதுவாகத்தான் பிடிக்கும். ஆனாலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அது பெயிண்டுக்கு அடியில் ஊர்ந்துபோய்க் கொப்புளமாக எழும்பிவிடும். அப்புறம் சின்னக் கோட்டுக்குப் பதிலாக முழுக் கதவையும் சுரண்ட வேண்டிவரும்.

பம்பர் அப்படி இல்லை. அது பிளாஸ்டிக். பெயிண்ட் முழுவதும் உரிந்தாலும் துருப் பிடிக்காது. கிளிப் உடையவில்லை, ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கவில்லை, விரிசல் இல்லை என்றால் அது வெறும் அழகுப் பிரச்சினைதான். நம் ஊர் வீதிகளில் பம்பருக்குப் புதுப் பெயிண்ட் அடித்தால் அடுத்த மாதமே ஒரு பைக் வந்து உரசும்.

அடுத்து கிளைம். மனைவியின் தம்பி சொன்னது நியாயமாகத்தான் பட்டது, கணக்குப் போட்டுப் பார்க்கும்வரை. கிளைம் போடாத ஒவ்வொரு வருடத்துக்கும் சொந்த சேதத்துக்கான பிரீமியத்தில் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று நோ கிளைம் போனஸ் என்ற தள்ளுபடி ஏறிக்கொண்டே போகும். நான் 50-இல் நிற்கிறேன். ஒரு கிளைம் போட்டால் அடுத்த புதுப்பிப்பில் பூஜ்யம், பிறகு மறுபடி 20-இலிருந்து ஏற வேண்டும். தள்ளுபடிக்கு முன் அந்தப் பிரீமியம் 6,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இழப்பு முதல் வருடம் 3,000, அடுத்து 1,800, 1,500, 900, 300. மொத்தம் 7,500.

வரவு என்ன? கம்பெனி சர்வீஸில் கதவுக்கும் பம்பருக்கும் வரியோடு சேர்த்து 10,000 கேட்டார்கள். இரண்டும் வேறு வேறு நாளில் நடந்தவை, அதனால் இரண்டு கிளைம். 1,500 சிசி வரையுள்ள காருக்கு ஒவ்வொரு கிளைமிலும் கட்டாயமாக 1,000 ரூபாய் நம் கையிலிருந்து போகும். பெயிண்ட் பொருளுக்குத் தேய்மானம் 50 சதவீதம் கழிப்பார்கள், ஏழு வருடக் கார் என்பதால் என் பாலிசியில் தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் கவர் இல்லை. எல்லாம் போக 7,000 கிடைத்தால் பெரிது. 7,000 வாங்க 7,500 இழப்பதா? கதவே நசுங்கி மாற்ற வேண்டிய நிலை என்றால் யோசிக்காமல் கிளைம் போடுவேன். ஒரு கோட்டுக்குப் போடமாட்டேன். போனஸைக் காக்கும் கூடுதல் கவர் எடுத்தவர்களுக்குக் கணக்கு மாறும், பாலிசியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயிண்ட் உடையாத டொக்கு என்றால், உள்ளிருந்து கம்பியால் நெம்பி எடுக்கும் முறை ஒன்று இருக்கிறது. பள்ளத்தை நிரப்பும் பட்டி, பெயிண்ட் எதுவும் வேண்டாம். தகட்டில் விழுந்த டொக்குக்கு முதலில் அதைத்தான் கேட்க வேண்டும். என் கதவுக்கு அது பொருந்தாது.

மிச்சம் இருந்தது கைக்காசு போட்டுச் செய்வது. கம்பெனி சர்வீஸா, பட்டறையா? சர்வீஸில் தூசி புகாத அறையில் அடித்து, சூட்டில் காயவைப்பார்கள், கலரை அந்தக் காரின் பெயிண்ட் குறியீட்டை (கலர் கோட்) பார்த்துக் கலக்குவார்கள். மெட்டாலிக் கலர், பேர்ல் கலர் என்றால் நான் அங்கேதான் போவேன், ஏனென்றால் அந்தக் கலர்களில் சின்ன வித்தியாசமும் வெயிலில் காட்டிக்கொடுத்துவிடும். சாதா வெள்ளைக்குப் பட்டறை போதும். கதவுக்கு மட்டும் சர்வீஸில் 5,000, பட்டறையில் 2,800.

பட்டறையில் நான் விலையைவிட வேலை செய்யும் விதத்தைத்தான் பார்த்தேன். வேறொரு காரில் பட்டறைக்கார அண்ணன் வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். நாலு தடவை தேய்ப்பார், தண்ணீர் ஊற்றுவார், கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். "கண்ணு ஏமாத்தும் தம்பி, கை ஏமாத்தாது" என்றார். துருவை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். தகடு வெள்ளையாகும்வரை சுரண்டி, பிரைமர் அடித்துவிட்டுத்தான் பட்டி என்றார். அந்த ஒரு பதிலுக்காகவே வண்டியை விட்டேன். துருவின் மேலேயே பட்டியைத் தடிமனாக அப்பிவிட்டால் புதிதில் அழகாக இருக்கும், பின்னால் வெடிக்கும். பழைய கார் வாங்குபவர்கள் காந்தம் வைத்துப் பார்ப்பது இதற்காகத்தான். பட்டி தடிமனாக இருந்தால் காந்தம் ஒட்டாது.

விற்கும்போது விலை குறையுமே என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வாங்குபவர் கீறலைப் பார்த்தால் பேரம் பேசுவார். புதுப் பெயிண்டைப் பார்த்தால் பெரிய அடி வாங்கிய வண்டியோ என்று சந்தேகப்படுவார். அதனால் தகடு தெரியாத கீறல்களோடு ஒரிஜினல் பெயிண்டிலேயே இருக்கும் காரை, விற்பதற்காக என்று பெயிண்ட் அடிக்கச் சொல்லமாட்டேன். அடித்திருந்தால், அடிப்பதற்கு முன் எடுத்த போட்டோவை வைத்திருங்கள். என் கதவின் போட்டோ போனில் இருக்கிறது.

மூன்றாம் நாள் கதவு வந்தது. உச்சி வெயிலில் நின்று பார்த்தால் பக்கத்துக் கதவைவிட ஒரு பொட்டு வெளுப்பு தெரிகிறது. எனக்கு அது சம்மதம்தான். பம்பர் டொக்கின் மேல் ஞாயிற்றுக்கிழமை காலை நன்றாகக் காய்ந்த வெந்நீரை மெதுவாக ஊற்றினேன். கையுறை போட்டுக்கொண்டு அடியிலிருந்து கை விட்டுத் தள்ளியதும் டப்பென்று வெளியே வந்துவிட்டது. தூணில் உரசிய கோடு மட்டும் அப்படியே இருக்கிறது, அதைத் தொடவில்லை.