புயலில் நனைந்த கடைக்கு மானியம் உண்டா? வடசென்னைக்காரர்களுக்கான வழிகள், ஒரு மதிப்பீடு

எம்.சி. ரோட்டுத் துணிக்கடை, வியாசர்பாடி லேத் பட்டறை, தண்டையார்பேட்டை மளிகைக்கடை எதுவானாலும், புயல் வெள்ளம் வடிந்ததும் வரும் முதல் கேள்வி, "கடைக்கு எவ்வளவு தருவாங்க?" மாநிலப் பேரிடர் நிதியில் இந்த மூன்றுக்குமே மானியம் கிடையாது. மாநில அரசு தனியாக ஏதாவது அறிவித்தால்தான் உண்டு.

2022-26 காலத்துக்கான விதிமுறையில் மீனவர்களும் கைவினைஞர், கைத்தறி நெசவாளர்களும் இருக்கிறார்கள். படகு ஓரளவு சேதமானால் பழுதுபார்க்க 6,000 ரூபாய், முழுதும் போனால் 15,000. வலைக்கு முறையே 3,000, 4,000. கைவினைஞருக்குக் கருவிக்காக 5,000, மூலப்பொருள் அல்லது சரக்குக்காக 5,000. காசிமேட்டில் இந்தத் தொகையில் ஒரு படகைக் கரையேற்ற முடியாது என்பது வேறு விஷயம். வேறு அரசுத் திட்டத்தில் அதே சேதத்துக்கு உதவி வாங்கியிருந்தால் இந்தப் படகு, வலைத் தொகையும் வராது.

அடுத்தது உதயம் (Udyam) பதிவு, அதாவது சிறு, குறு தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு. இலவசம், ஆதாரும் பான் எண்ணும் போதும். இதற்குப் பணம் கேட்கும் இணையதளங்கள் இடைத்தரகர்கள் நடத்துபவை. ஆனால் வாங்கி விற்கும் கடைக்கு, 2021 ஜூலை முதல், இந்தச் சான்றிதழால் முன்னுரிமைக் கடன் என்ற ஒரே பலன்தான். அதே கடையின் பின்னால் தையல் மெஷின் போட்டு ரெடிமேட் தைத்தால் அது உற்பத்தி. பதிவில் உற்பத்திக்கான தொழில் குறியீட்டையும் சேர்த்துப் பதிய வேண்டும். பலர் சில்லறை வணிகம் என்று மட்டும் போட்டுவிட்டு, பிறகு 'தகுதியில்லை' என்ற பதிலோடு திரும்புகிறார்கள். தள்ளுவண்டிக்காரர்களுக்கு ஸ்வநிதி என்ற மத்திய அரசின் தெருவோர வியாபாரிகள் கடன் திட்டம் பொருத்தம்: முதல் கடன் 15,000, ஒழுங்காகக் கட்டினால் 7% வட்டி மானியம். மாநகராட்சியின் விற்பனைச் சான்றோ பரிந்துரைக் கடிதமோ கையில் இருக்க வேண்டும்.

நிஜமாகவே கடையைத் தூக்கி நிறுத்தக்கூடியது காப்பீடுதான். 2021 ஏப்ரலில் வந்த 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' பாலிசி, ஒரே இடத்தில் 5 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள தொழில்களுக்கானது. தீயோடு புயல், வெள்ளம், தேங்கும் நீர் எல்லாம் அடக்கம். எல்லாப் பொதுக் காப்பீட்டு (ஜெனரல் இன்சூரன்ஸ்) நிறுவனங்களிலும் அடிப்படை வாசகம் ஒன்றே என்பதால் படித்துப் புரிந்துகொள்வது எளிது. இடிபாடு அகற்றும் செலவும் கிளெய்ம் தொகையில் 2% வரை கிடைக்கும்.

சிக்கல் பாலிசியில் குறைவு, நாம் எழுதிக் கொடுக்கும் தொகையில்தான் அதிகம். பிரீமியத்தைக் குறைக்க 10 லட்சம் சரக்கை 6 லட்சம் என்று எழுதுவார்கள். 2 லட்சத்துக்குச் சரக்கு நனைந்தால் கைக்கு வருவது 1.2 லட்சம்தான், அதிலும் பாலிசிப்படி நாம் ஏற்க வேண்டிய பங்கு கழியும். 15% வரையிலான குறையை விட்டுவிடுவார்கள், அதைத் தாண்டினால் விகிதக் கணக்கு. தீபாவளி, பொங்கல் சமயத்தில் சரக்கு இரட்டிப்பாகிறதே, மழையும் அதே மாதங்களில்தான் வருகிறது. தொகையை ஐப்பசிக்கு முன்பே உயர்த்துங்கள். வாடகைக் கடை என்றால் கட்டடத்தை விட்டுவிட்டு சரக்கு, ரேக், மெஷினுக்கு மட்டும் எடுத்தால் போதும். பில்லிங் முகவரியைப் போட்டு பாலிசி எடுத்து, சரக்கை இரண்டு தெரு தள்ளிய குடோனில் வைத்திருப்பதும் வழக்கமான தவறு.

வெள்ளம் வடிந்த அன்று செய்வது ரொம்ப முக்கியம். சுவரில் தண்ணீர் நின்ற கோட்டையும் கீழ் ரேக்கில் ஊறிய பண்டலையும் ஒரே படத்தில் வருமாறு எடுங்கள், பக்கத்தில் அளக்கும் டேப்பை நீட்டி வைத்து. உடனே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வரும்வரை நனைந்த துணியைத் தள்ளுபடியில் விற்காதீர்கள். காய்ந்ததையும் நனைந்ததையும் பிரித்து அடுக்கினால் போதும். லேத் மோட்டாரை 'ஓடுதா பார்ப்போம்' என்று சுவிட்ச் போட்டால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் கருகும். ஷார்ட் சர்க்யூட்டால் அதே மெஷினுக்கு வந்த சேதம் விலக்குப் பட்டியலில் இருப்பதால் நிறுவனம் அதைப் பிடித்துக்கொள்ளும்.

கொள்முதல் பில்களை வாட்ஸாப்பிலோ மெயிலிலோ ஒரு பிரதி வையுங்கள். கல்லாவுக்குக் கீழ் டிராயரில் கிடக்கும் பில் கட்டுதான் முதலில் ஊறும், மதிப்பிடுவதோ கொள்முதல் விலையை வைத்துத்தான். கிளெய்ம் தொகையை நிறுவனம் குறைத்தால் முதலில் அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலும், பதில் திருப்தி இல்லையென்றாலும், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையிலேயே அலுவலகம் உண்டு, கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.