முதல் லென்ஸ் எது? 18-55, 50, 35, 24, 55-250: யாழ்ப்பாணத்து விறாந்தையில் வைத்து ஓர் ஒப்பீடு

யாழ்ப்பாணத்தில் பலருடைய முதல் டிஎஸ்எல்ஆர் கமரா கடையிலிருந்து வருவதில்லை, விமானத்தில் வருகிறது. கனடாவிலிருந்து வரும் மாமாவோ லண்டனிலிருந்து வரும் சித்தியோ இரண்டு வருடம் பாவித்த ஒன்றைப் பையோடு தந்துவிட்டுப் போவார்கள். முன்னால் 18-55 லென்ஸ் பூட்டியிருக்கும். (இந்த எண்கள் மில்லிமீற்றரில் லென்ஸின் குவியத் தூரம். எண் சின்னதென்றால் காட்சி அகலும், பெரிதென்றால் தூரத்தில் இருப்பது கிட்ட வரும்.) செவ்வரத்தம்பூ, பூனை, நல்லூர்க் கோபுரம் என்று ஒரு மாதம் எடுத்து முடிந்ததும் கேள்வி வரும்: "அண்ணை, அடுத்து என்ன லென்ஸ் வாங்கலாம்?"

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் இருப்பது நிகான் என்றால் 35 எஃப்/1.8 (எஃப் எண் என்னவென்று கீழே சொல்கிறேன்). கேனன் என்றால் 50 எஃப்/1.8. ஆனால் கேனன்காரர் வாங்குமுன் வீட்டில் ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்க வேண்டும். மற்ற லென்ஸ்கள் கெட்டவை என்றில்லை. 18-55 உங்களுக்குத் தராத ஒன்றை இந்த இரண்டும் தருகின்றன, அதனால்தான் இவற்றைச் சொல்கிறேன்.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் இப்போதே தீர்த்துவிடலாம். கனடாவிலிருந்து வந்த கேனனில் "ரெபல் டி7" என்று எழுதியிருக்கும், இங்கே அதே கமரா 1500டி. ரெபல் டி6 இங்கே 1300டி. பெயர்தான் வேறு, லென்ஸ் பூட்டும் வாய் ஒன்றுதான். இங்கே வாங்கும் லென்ஸ் தாராளமாகப் பொருந்தும்.

கையில் இருக்கும் 18-55

இந்த லென்ஸைப் பலர் குறைத்துப் பேசுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. வெயிலில் இது நல்ல படம் தரும். 18இல் வைத்தால் நல்லூர்த் தேர் முழுதும் அடங்கும், 55இல் வைத்தால் தேரின் முன்னால் நிற்கும் ஒருவரின் முகம் கிடைக்கும். 25 செ.மீ. வரை கிட்டப் போய்ப் பூவையும் எடுக்கலாம். நல்லூர்த் திருவிழா 25 நாள், தேர் 24ஆம் நாள். கோயிலுக்குள் படம் எடுக்க விடமாட்டார்கள், நீங்கள் எடுப்பதெல்லாம் வெளிவீதியில்தான். அந்தச் சனத்துக்குள், மணலும் தூசியும் பறக்கும் இடத்தில், லென்ஸைக் கழற்றி மாட்டிக்கொண்டு நிற்க முடியாது. அங்கே ஒரே லென்ஸில் அகலமும் கிட்டமும் கிடைப்பது பெரிய உதவி.

வெளிச்சம் குறைந்ததும்தான் 18-55 திணறுகிறது. எஃப் எண் சிறுக்கச் சிறுக்க லென்ஸின் துவாரம் பெரிதாகும். 18-55ஐ 55க்கு இழுத்தால் அதன் ஆகப் பெரிய துவாரமே எஃப்/5.6 தான். எஃப்/1.8 துவாரம் அதைப்போல் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். மின்குமிழ் ஒன்று எரியும் அறையில் இதைக் கணக்காகப் பாருங்கள். ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்துக்குக் கமரா காட்டும் உணர்திறனை, 1600 வைத்து, எஃப்/5.6இல் வெளிச்சம் உள்ளே விழ 1/15 செக்கன் வேண்டியிருந்தால், எஃப்/1.8இல் ஏறத்தாழ 1/160 செக்கன் போதும். 1/15இல் ஓடும் பிள்ளை வெறும் நிழலாகத்தான் விழும். லென்ஸில் நடுக்கம் தடுக்கும் வசதி இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். கேனனில் அதற்கு ஐஎஸ், நிகானில் விஆர் என்று பெயர். அது உங்கள் கை நடுக்கத்தை மட்டும்தான் அடக்கும், பிள்ளையின் ஓட்டத்தில் அது செய்ய ஒன்றுமில்லை. சில 18-55களில் அந்த வசதியே இல்லை, லென்ஸில் எழுதியிருப்பதைப் பார்த்தால் தெரியும்.

நம்முடைய குடும்பப் படங்களில் முக்கால்வாசி பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு, வீட்டுக்குள் நடப்பவை. அதனால் அடுத்த லென்ஸ் எதுவானாலும் அது வெளிச்சத்தைக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் என் முதல் அளவுகோல்.

50 எஃப்/1.8

எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் இது. பிலிம் காலத்தில் கமராவோடு சேர்ந்து வந்த லென்ஸ் 50தான், அந்தப் புகழ் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் பிலிமின் அகலம் இன்றைய தொடக்கநிலைக் கமராவின் சென்சரில், அதாவது பிலிமுக்குப் பதிலாகப் படம் விழும் சில்லில், இல்லை. கேனனில் 1.6ஆல் பெருக்க வேண்டும், நிகானில் 1.5ஆல். பழைய கணக்கில் 50 என்பது கேனனில் 80 ஆகிவிடுகிறது. அதாவது சாதாரணப் பார்வை லென்ஸாக இருந்தது முகம் எடுக்கும் லென்ஸாக மாறிவிடுகிறது.

கேனனின் 50 எஃப்/1.8 எஸ்டிஎம் (குவியம் திருப்பும் மோட்டார் வகையின் பெயர்) 2015இல் 125 டொலருக்கு வெளிவந்தது. 2022இல் ரூபா விழுந்த பிறகு எந்த லென்ஸும் நமக்கு மலிவில்லை என்றாலும், புதிதாக வாங்கக்கூடிய கேனன் லென்ஸ்களில் மலிவான வரிசையில்தான் இது இன்னும் நிற்கிறது. எடை 160 கிராம் அளவு. 35 செ.மீ. வரை கிட்டப் போகலாம்.

சரி, இது வீட்டுக்குள் அடங்குமா? எங்கள் விறாந்தையை அளந்து பார்த்தேன். அகலம் எட்டடி, அதாவது 2.4 மீற்றர் அளவு. நிற்கும் ஒருவரைத் தலைமுதல் கால்வரை, மேலும் கீழும் கொஞ்சம் இடம் விட்டு, கமராவை நெடுக்காகப் பிடித்து எடுப்பதற்கு 50க்கு நாலரை மீற்றர் பின்னால் போக வேண்டும். விறாந்தைக்குள் நின்றால் முதுகு சுவரில் முட்டும், படத்தில் முழங்காலுக்கு மேல்தான் கிடைக்கும். பத்துப் பேர் ஒரு வரிசையில் நின்றால் ஒன்பது மீற்றர் வேண்டும், எந்த வீட்டு அறையிலும் அது நடக்காது. ஆனால் கதிரையில் இருக்கும் அம்மம்மாவை மடிக்கு மேலே எடுக்க இரண்டு மீற்றர் போதும். இன்னொன்றும் இருக்கிறது. நம் வீடுகளுக்கு முற்றம் உண்டு. படியால் இறங்கி முற்றத்தில் நின்று விறாந்தையைப் பார்த்து எடுத்தால், அந்த நாலரை மீற்றர் தானாகக் கிடைத்துவிடும். மாடிக் குடியிருப்பில் இருப்பவருக்கு இந்த வசதி இல்லை. 50ஐ யாழ்ப்பாணத்தில் துணிந்து சொல்வதற்கு எனக்கு இருக்கும் பாதிக் காரணம் இந்த முற்றம்தான்.

50இல் பழக வேண்டிய விடயம் ஒன்று உண்டு. ஒரு மீற்றர் தூரத்தில் எஃப்/1.8 வைத்து எடுத்தால் தெளிவாக விழும் பகுதி மூன்று சென்ரிமீற்றர்கூட வராது. அம்மம்மாவின் கிட்டக் கண் துல்லியமாக இருக்கும், மூக்குத்தி கொஞ்சம் மங்கும், காது கரைந்துவிடும். வாங்கிய முதல் கிழமை எடுத்த படங்களில் பாதி இப்படிப் போகும், லென்ஸ் பழுது என்று நினைத்துவிடாதீர்கள். குவியப் புள்ளியை நடுவில் ஒன்றுக்கு மாற்றிக் கண்ணில் வையுங்கள், துவாரத்தை எஃப்/2.8க்குச் சிறுக்கிப் பாருங்கள். அந்த அளவில் இந்த லென்ஸ் தரும் தெளிவை 18-55இல் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

நிகான்காரருக்கு 35

இங்கே நான் தயங்குவதில்லை. 2009இல் வந்த டிஎக்ஸ் 35 எஃப்/1.8ஜி, 200 கிராம், இந்தச் சின்ன சென்சருக்கென்றே செய்தது. 1.5ஆல் பெருக்கினால் 52, பழைய சாதாரணப் பார்வை திரும்ப வந்துவிடுகிறது. ஆளை முழுதாக எடுக்க மூன்று மீற்றர் போதும். 18-55ஐ 35இல் வைத்தால் கிடைப்பதைவிட ஆறு மடங்கு வெளிச்சம். முகத்துக்குப் பின்னால் இருக்கும் மதிலும் சைக்கிளும், 50இல் போல் முற்றாகக் கரையாவிட்டாலும், நன்றாகவே மென்மையாகிவிடும். இப்படி ஒன்றைக் கேனன் தன் சின்ன சென்சர் டிஎஸ்எல்ஆருக்கு மலிவாகச் செய்து தரவேயில்லை என்பது எனக்கு இன்றைக்கும் மனக்குறைதான்.

நிகானில் ஒரு பொறி இருக்கிறது. டி3000, டி5000 வரிசைக் கமராக்களின் உடம்பில் குவியம் திருப்பும் மோட்டார் கிடையாது. பழைய 50 எஃப்/1.8டி லென்ஸிலும் மோட்டார் கிடையாது. எனக்குத் தெரிந்த ஒரு பொடியன் டி3300க்கு அதை விலை குறைவென்று பழசாக வாங்கிக்கொண்டு வந்தான். பூட்டினான், அமத்தினான், ஒன்றும் அசையவில்லை. விற்றவர் திருப்பி எடுக்கவுமில்லை. கையால் வளையத்தைத் திருப்பித்தான் மூன்று மாதம் எடுத்தான். ஆகவே நிகானில் ஏஎஃப்-எஸ் என்று எழுதியிருப்பதைத்தான் வாங்க வேண்டும். புதிய ஏஎஃப்-பி வகை டி3400, டி3500இல் நன்றாக வேலை செய்யும், ஆனால் டி40, டி90, டி3000 போன்ற பழசுகளில் குவியமே ஆகாது.

24 எஃப்/2.8

கேனனின் இந்த மெல்லிய லென்ஸ் 2014இல் வந்தது. 125 கிராம், 23 மி.மீ. தடிப்பு. கமராவைத் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிளில் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய்வர இதைவிடச் சுகமான லென்ஸ் இல்லை. இரண்டு மீற்றர் சொச்சத்தில் ஆள் முழுதாக அடங்குவதால் விறாந்தைக்குள்ளேயே எல்லாம் முடியும். 16 செ.மீ. கிட்டப் போகலாம், குசினியில் தட்டில் வைத்த பிட்டின் தேங்காய்ப்பூ தெரிய எடுக்கலாம்.

ஆனாலும் முதல் லென்ஸாக இதைச் சொல்ல மாட்டேன். 18-55ஐ 24இல் வைத்தால் எஃப்/4 கிடைக்கும். அதற்கும் எஃப்/2.8க்கும் வெளிச்ச வித்தியாசம் இரண்டு மடங்குதான். இருப்பதை இரண்டு மடங்காக்குவதற்குச் செலவழிக்கும் காசை, பத்து மடங்காக்குவதற்குச் செலவழிக்கலாம்.

கேனன் வைத்திருப்பவருக்கு வீடும் சின்னது, முற்றமும் இல்லை என்றால், யொங்னுவோ என்ற சீனக் கம்பனியின் 35 எஃப்/2 ஒன்று உண்டு. குவியம் பிடிக்கும்போது சத்தம் போடும், கொஞ்சம் தடுமாறும். இருந்தாலும் அந்த இடைவெளியை நிரப்பும்.

தூரத்துக்கு 55-250

நெடுந்தீவுக் குதிரைகளைக் கிட்டப் போய் எடுக்க முடியாது, விலகிவிடும். மண்டைதீவுப் பக்கம் நீருக்குள் நிற்கும் பறவைகளும் அப்படித்தான். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறையில் ஏறும் பட்டங்களை வானத்தில் வைத்து நிரப்பவும் இப்படி ஒன்று வேண்டும். கேனனின் 55-250 எஸ்டிஎம் 375 கிராம் அளவுதான், விலைக்கு மிக நல்ல லென்ஸ். வெயில் இருக்கும்வரை இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருட்டினால் 18-55க்கு வரும் அதே கஷ்டம் இதற்கும் வரும், இழுத்து வைத்தால் கூடவே வரும். பறவை பார்ப்பதற்கென்றே கமரா எடுத்தவர் நான் மேலே சொன்ன எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதையே முதலில் வாங்கட்டும். மற்றவர்களுக்கு இது இரண்டாவது. 18-135, 18-140 போன்ற நீளச் சூம்களைப் பற்றியும் கேட்பார்கள். கையில் 18-55 இருக்கும்போது அதற்குக் காசு கொடுப்பதில் எனக்கு விருப்பமில்லை.

அந்தச் சோதனை

18-55ஐ 50 அளவில் வைத்து, அதாவது 35க்கும் 55க்கும் இடையில், 55க்குக் கிட்டவாக, வளையத்தை ரேப் போட்டு ஒட்டுங்கள். இரண்டு நாள் அதை உரிக்காமல் வீட்டில் எடுங்கள். பிறகு 35இல் ஒட்டி இரண்டு நாள். எத்தனை தடவை சுவரில் முட்டினீர்கள், எத்தனை தடவை இன்னும் கிட்டப் போகவேண்டும் போல் இருந்தது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். செலவு ஒரு துண்டு ரேப்.

பழசாக வாங்குவதென்றால் ரோச் லைற் ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். லென்ஸின் பின்பக்கத்தால் வெளிச்சம் அடித்து முன்பக்கத்தால் பாருங்கள். சிலந்தி வலை போல் மெல்லிய நூல் தெரிந்தால் அது பூஞ்சணம், என்ன விலை சொன்னாலும் வேண்டாம். 50இல் 1990இல் வந்த பழைய வகையும் சந்தையில் இருக்கிறது. அதில் கமராவில் பூட்டும் வளையமே பிளாஸ்ரிக், விழுந்தால் முன்பாதி கழன்று வந்துவிடும். கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் எஸ்டிஎம்மையே எடுங்கள்.

நம் காற்றில் உப்பு இருக்கிறது. குறிகட்டுவானில் படகேறி வந்த அன்றைக்கே லென்ஸின் வெளிப்புறத்தை ஈரத் துணியால் ஒற்றி, உலர்ந்த துணியால் துடையுங்கள். மாரியில் கமராப் பைக்குள் வைக்காமல், காற்றுப் புகாத மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். அரிசிக்குள் புதைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், தவிடு லென்ஸுக்குள் ஏறும்.

கார்த்திகை விளக்கீட்டன்று எங்கள் வாசலில் வாழைக்குற்றி நட்டு, அதன்மேல் விளக்கேற்றினோம். அக்காவின் மகள் குனிந்து திரியைத் தூண்டினாள். முதலில் 18-55ஐ 55இல் வைத்து எடுத்தேன். ஐஎஸ்ஓ 1600, 1/8 செக்கன், முகம் ஒரு மஞ்சள் கோடாக இழுபட்டிருந்தது. முற்றத்தில் நின்றபடியே 50ஐ மாற்றிப் பூட்டி, எஃப்/1.8, 1/80 வைத்து இன்னொன்று எடுத்தேன். சுடர் அசையாமல் நின்றது, அவளுடைய கண் இரண்டிலும் அந்தச் சுடர் சின்னதாகத் தெரிந்தது, பின்னால் விறாந்தையில் இருந்த அம்மம்மாவின் வெள்ளைச் சேலை மட்டும் மங்கலாக விழுந்திருந்தது.