எண்ணிக்கை குறைந்த சிப்பா, எல்லோரும் தேடும் சிப்பா?

லாஸ் வேகஸின் கேசினோக்களில், அதாவது சூதாட்ட விடுதிகளில், பணத்துக்குப் பதில் வைத்து ஆடும் வட்ட வில்லைகள்தான் சிப்கள். பழைய சிப்களைச் சேர்க்கத் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "இதே மாதிரி இன்னும் எத்தனை மிச்சம் இருக்கு?" என்றுதான். நல்ல கேள்விதான். ஆனால் அதை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்றும் கேட்காவிட்டால் விலை புரியாது.

இரண்டு சிப்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒன்று, எந்த ஊர் கிளப்புடையது என்றே உறுதியாகத் தெரியாத, இரண்டெழுத்து மட்டும் பொறித்த பழைய சிப். கையில் எண்ணக்கூடிய அளவில்தான் மிஞ்சியிருக்கிறது. இன்னொன்று சாண்ட்ஸ் கேசினோவின் ஐந்து டாலர் சிப். அது முந்தையதைவிடப் பல மடங்கு கிடைக்கும். ஆனாலும் விலை பேசும்போது சாண்ட்ஸ்தான் ஜெயிக்கும். 1952இல் திறந்து 1996இல் இடிக்கப்பட்ட இடம் அது. புகழ்பெற்ற அமெரிக்கப் பாடகர் ஃபிராங்க் சினாட்ரா பாடிய மேடை அங்கேதான் இருந்தது. லாஸ் வேகஸின் பெரிய கேசினோக்கள் வரிசையாக நிற்கும் ஸ்ட்ரிப் சாலையின் சிப்களைச் சேர்ப்பவர், ஐந்து டாலர் சிப்களை மட்டும் சேர்ப்பவர், சினாட்ரா ரசிகர் என மூன்று வகை ஆட்கள் ஒரே சிப்புக்குக் கை நீட்டுகிறார்கள். பெயர் தெரியாத கிளப் சிப்புக்கு அப்படி யார் வருவார்கள்? ரூலெட் எனும் சுழல்சக்கர ஆட்டத்தின் சிப்களுக்கும் கிட்டத்தட்ட இதே கதிதான். அவற்றில் பெரும்பாலும் மதிப்பு அச்சிடப்பட்டிருக்காது, தேடுவோரும் குறைவு.

அருமையும் தேவையும் ஒரே சிப்பில் கூடினால் விலை எங்கேயோ போய்விடும். லாஸ் வேகஸின் ஃப்ரீமான்ட் தெருவில் இருந்த கோல்டன் கூஸ் கேசினோவின் ஐந்து டாலர் சிப் ஒன்று, 2014இல் 75,000 டாலருக்கு விற்றது.

அப்புறம் லிமிடெட் எடிஷன் சிப்கள், அதாவது குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டும் வெளியிடுபவை. 1990களில் கேசினோக்கள் இவற்றை அச்சடித்துக் குவித்தன. 1995இல் திறந்த ஹார்ட் ராக் கேசினோ இதில் முன்னணியில் இருந்தது. அச்சிட்ட எண்ணிக்கை சிப்பிலேயே இருக்கும், பார்க்க அரிதாகத் தெரியும். ஆனால் வாங்கியவர் எல்லோரும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். ஆயிரம் அடித்தால் கிட்டத்தட்ட ஆயிரமும் இருக்கும். பழைய சிப் அப்படி அல்ல. தொலைந்து, உடைந்து, அழிக்கப்பட்டு, தப்பியவைதான் நம்மிடம் வருகின்றன. கேசினோவுக்கோ லிமிடெட் எடிஷன் நல்ல வியாபாரம்: பணமாக மாற்றாமல் வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு சிப்பும் அதற்கு லாபம். வாங்கியவருக்கு இருக்கும் ஒரே ஆறுதல், கேசினோ திறந்திருக்கும் வரை, மாற்றும் கெடு முடியாதிருந்தால், முகமதிப்பைத் திரும்பப் பெறலாம் என்பது. மூடிய பிறகு அதற்கும் கொஞ்ச காலம்தான். லாஸ் வேகஸ் இருக்கும் நெவாடா மாநில விதிப்படி, புழக்கத்திலிருந்து நிறுத்தப்பட்ட சிப்களை மாற்றிக்கொள்ளக் குறைந்தது 120 நாள் அவகாசம் தர வேண்டும். கெடு தாண்டினால் சேகரிப்பாளர் தருவதுதான் விலை.

ஒரு கேசினோ மூடப்படும் நாள்களில் வாங்குவதும் எனக்கு உவப்பில்லை. 2024 ஏப்ரலில் டிராபிகானா, ஜூலையில் மிராஜ் என வரிசையாக மூடப்பட்டன. அந்த வாரங்களில் எல்லோருக்கும் ஞாபகம் பொங்குகிறது; விற்பவரும் அதை அறிவார். சரி, நினைவுக்காக ஒன்று எடுத்து வைக்கலாம். விலைக்காக என்றால் பொறுத்திருப்பது நல்லது.

பழைய சிப்பிலும் ஒரு ஆபத்து உண்டு. இன்று நெவாடாவில் நிறுத்தப்பட்ட சிப்களை முறைப்படி அழித்தாக வேண்டும். முன்பு பாலைவனத்தில் கொட்டியதும், கான்கிரீட்டில் புதைத்ததும் உண்டு. முன்னாள் ஊழியர் ஒருவர் வீட்டிலிருந்து ஒரு பெட்டி வெளியே வந்தால் போதும், நேற்று வரை பத்தே இருந்த சிப் நூறாகிவிடும், விலையும் சரியும். தேவை பரந்ததாக இருந்தால் சந்தை அந்த நூறையும் உள்வாங்கிக்கொள்ளும். பத்துப் பேர் மட்டுமே தேடும் சிப்புக்கு அந்தத் தாங்கும் சக்தி கிடையாது.

சிப்பின் நிலையும் இங்கேதான் கணக்கில் வருகிறது. எளிதில் கிடைக்கும் சிப்பில் துளை போட்டு ரத்து செய்திருந்தாலோ, விளிம்பு தேய்ந்திருந்தாலோ விலை விழும். இரண்டே மிஞ்சிய சிப்பில் சிகரெட் சுட்ட வடு இருந்தாலும் விடமாட்டார்கள்.

என் கையில் பணம் இருந்தால் மேசையில் புழங்கிய, பெயர் தெரிந்த, இடிந்துபோன கேசினோவின் ஐந்து டாலர் சிப்பையே எடுப்பேன், அதைவிட அரிதானது பக்கத்துத் தட்டில் இருந்தாலும்.