வெள்ளவத்தையில் ஐந்து இரவுகள்: ஒரு விருந்தினர் இல்லம்

2025 மே மாதம், புத்தரைப் போற்றும் முழுநிலாத் திருநாளான வெசாக் போயாவை ஒட்டி, அம்மாவும் நானும் மதுரையிலிருந்து கொழும்புக்குச் சென்று, வெள்ளவத்தையில் வயதான சிங்களத் தம்பதியர் தம் வீட்டு மாடியில் நடத்தும் விருந்தினர் இல்லத்தில் ஐந்து இரவுகள் தங்கினோம். இருவருக்கான அறை, காலை உணவுடன், நாளொன்றுக்கு 8,000 இலங்கை ரூபாய்.

குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். கடல் தெரியும் அறை என்று பதிவுத் தளத்தில் போட்டிருந்தார்கள். மொட்டைமாடிக்கு ஏறினால்தான், இரண்டு அடுக்குமாடிகளுக்கு நடுவே ஒரு முழ அகலத்தில் கடல் தெரிகிறது. கரையோர ரயில் பாதை அருகிலேயே ஓடுவதால், விடியற்காலை வண்டிக்கு ஜன்னல் கண்ணாடி அதிரும். வெந்நீர் கிடையாது, மே மாதப் புழுக்கத்தில் அது தேவைப்படவும் இல்லை.

முதல் நாள் காலையில், தேங்காய்ப்பாலில் வெந்த பாற்சோறான கிரிபத்தைச் சாய்சதுரத் துண்டுகளாக வெட்டி, லுணு மிரிஸ் என்ற காரச் சம்பலோடு பரிமாறினார்கள். அம்மா சைவம். சம்பலில் மாசிக் கருவாடு உண்டு என்பது தட்டு முன்னால் வந்த பிறகுதான் தெரிந்தது. முன்கூட்டியே சொல்லாதது எங்கள் பிழை. வீட்டுக்கார அம்மையார் ஒன்றும் பேசாமல் உள்ளே போய், அம்மியை இரண்டு முறை கழுவி, வெங்காயம், காய்ந்த மிளகாய், உப்பு, எலுமிச்சைச் சாறு மட்டும் சேர்த்துப் புதிதாக அரைத்துக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து அம்மாவுக்குத் தனிச் சட்டி, தனி அகப்பை. மறுநாள் வல்லாரையும் சிவப்பரிசியும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் காய்ச்சிய கொலகெந்தக் கஞ்சியை, கடித்துக்கொள்ளக் கித்துள் கருப்பட்டித் துண்டோடு கொடுத்து, அம்மா குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நின்றார். போதும் என்ற சொல் அந்த வீட்டில் செல்லாது. அளவாகச் சாப்பிடுகிறவர்களுக்கு இது உண்மையிலேயே சங்கடம்.

வீட்டுக்காரரை வயதுக்கு மரியாதையாகத் தாத்தா என்று அழைத்தேன். அவர் முகம் மலர்ந்தது. அவர் மனைவியோ என் அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கீழ்த்தளத்தில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்து அக்காதான் விளக்கினார்: “அவையின்ர பாஷையில தாத்தா எண்டால் அப்பா, தம்பி.” கூச்சத்தில் ஐயா என்று மாற்றிக்கொண்டேன், சிங்களத்தில் அது அண்ணன் என்றாகிறதாம். எழுபதைத் தாண்டியவர் அதற்கு உடன்படவில்லை. தாத்தாவே இருக்கட்டும் என்று கையசைத்துவிட்டு, அன்று முதல் என்னைப் “புத்தா” என்றார், மகனே என்று.

வெசாக் அன்று மாலை கங்காராம விகாரைப் பக்கம் வெசாக் கூடுகள் என்னும் காகித விளக்குகளைப் பார்க்க அழைத்துச் சென்றவர், வழியில் இலவசமாக உணவு வழங்கும் ஒரு தன்சல் பந்தலில் எங்களுக்காகவும் வரிசையில் நின்று சோறு வாங்கித் தந்தார். விலையில்லாச் சோற்றை எங்கள் ஊர்க் கோயில்களில் எத்தனையோ முறை உண்டிருக்கிறேன். எனக்காக வேறொருவர் கால்கடுக்க நின்றதில்லை.

புறப்படும் நாளில் கணக்குச் சீட்டில் அறை வாடகை மட்டுமே இருந்தது. ஐந்து இரவுச் சாப்பாட்டுக்கும் பணம் நீட்டினேன்; வாங்கவில்லை. அம்மா தனக்கென்று எடுத்துவந்திருந்த, இன்னும் மடிப்புக் கலையாத சுங்குடிச் சேலையைக் கொடுத்தபோது மட்டும் வீட்டுக்கார அம்மையார் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

சைவம் உண்பவர்கள் பதிவு செய்யும்போதே மாசி வேண்டாம் என்று எழுதிவிடுங்கள். அம்மியை இரண்டாம் முறை கழுவும் வேலையாவது அந்த அம்மையாருக்கு மிச்சமாகும்.