டிசம்பரில் நிலாவெளி பீச் காட்டுகிறேன் என்பவரிடம் பணம் கட்டாதீர்கள்

அரையாண்டு விடுமுறையைக் குறிவைத்து புதுச்சேரி, கடலூர் வாட்ஸ்அப் குழுக்களில் இலங்கை டூர் விளம்பரங்கள் மறுபடியும் சுற்ற ஆரம்பித்துவிட்டன. "ஐந்து இரவு, ஆறு நாள். சிகிரியா, பொலன்னறுவை, அனுராதபுரம், திருகோணமலை, நிலாவெளி பீச், புறாத் தீவில் ஸ்நார்க்கலிங். எல்லாம் உட்பட ஒருவருக்கு ரூ. 52,000." ஏறத்தாழ இதே வாசகத்தை நம்பித்தான் போன டிசம்பர் கடைசி வாரத்தில் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து பதினான்கு பேர் புறப்பட்டுப் போனார்கள். ஏழு வயதுப் பையன் முதல் எழுபதைத் தாண்டிய பாட்டி வரை இருந்த குழு. விற்றவர் புதுச்சேரியில் கடை வைத்திருக்கும் ஒரு ஏஜென்ட். புகார் நடவடிக்கை போய்க்கொண்டிருப்பதால் பெயர் போடவில்லை. ஆனால் எந்தெந்த இடத்தில் எப்படி ஏமாற்றினார்கள் என்பது வெளியே தெரிய வேண்டும். இந்த முறையில் விற்பவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை.

முதலில் கடல். நிலாவெளி, உப்புவெளி, புறாத் தீவு எல்லாம் இலங்கையின் கிழக்குக் கரையில், திருகோணமலை மாவட்டத்தில் இருக்கின்றன. அங்கே மழை கொண்டுவருவது நமக்குக் கொண்டுவரும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான். கடலூர் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிற மாதங்களில் அங்கே மட்டும் கடல் எப்படிக் குளம் போலக் கிடக்கும்? 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், இங்கே வருவதற்கு முன் கிழக்கு இலங்கையை வெள்ளத்தில் மூழ்கடித்துவிட்டுத்தான் வந்தது. அக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை நிலாவெளியில் அலை உயரமாக இருக்கும். ஆற்று நீர் கலந்து கடல் கலங்கிக் கிடக்கும். ஸ்நார்க்கலிங் என்று மூச்சுக்குழாயும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு இறங்கினாலும் தண்ணீருக்குள் பவளப்பாறையும் தெரியாது, மீனும் தெரியாது. புறாத் தீவு கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரம்தான். ஆனால் போவது சின்ன ஃபைபர் படகில். அந்த அலையில் யாரும் படகை இறக்க மாட்டார்கள்.

இந்தக் குழு போன அன்றும் அதுதான் நடந்தது. ஓட்டுநர் அவர்களைக் கரையில் இறக்கிவிட்டு வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டார். படகுக்காரர்தான் நேர்மையாகச் சொல்லியிருக்கிறார்: "இப்ப போக ஏலாது ஐயா, மே மாசம் வாங்கோ." புதுச்சேரிக்கு போன் போட்டால், "இயற்கைச் சீற்றத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல" என்று ரசீதின் பின்பக்கம் அச்சடித்திருப்பதைப் படிக்கச் சொன்னார்கள். எதிர்பாராமல் வந்த புயலுக்கு அந்த நிபந்தனை பொருந்தும். வருஷா வருஷம் அதே மாதத்தில் வரும் பருவமழைக்கு எப்படிப் பொருந்தும்? இந்தத் தொழிலில் இருக்கிற எவருக்கும் இது தெரியாமல் இருக்க வழியில்லை. தெரிந்தே விற்றிருக்கிறார்கள்.

திருகோணமலைப் பக்கம் கடலில் இறங்க ஏற்ற காலம் மே முதல் செப்டம்பர் வரை. நம் பிள்ளைகளின் கோடை விடுமுறையோடு அது பொருந்தி வருவது நல்ல விஷயம். டிசம்பர் முதல் மார்ச் வரை போவதானால் தெற்கு, தென்மேற்குக் கரை: மிரிஸ்ஸ, உனவட்டுன, ஹிக்கடுவ, பெந்தோட்டை. அப்போது அந்தப் பக்கம் கடல் அமைதியாக இருக்கும், மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்க்கவும் அதுதான் காலம். ஆனால் சிகிரியாவிலிருந்து அங்கே போய்ச் சேர ஒரு முழுப் பகல் வண்டியில் போய்விடும். ஆறு நாளில் அனுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியாவோடு மிரிஸ்ஸவையும் ஒருவர் சேர்த்துக் கொடுத்தால், அதில் ஏதோ ஒன்றைக் கண்ணாடி வழியாகத்தான் பார்ப்பீர்கள்.

அடுத்தது நுழைவுச்சீட்டு. "எல்லாம் உட்பட" என்று விற்றுவிட்டு, சிகிரியா பாறைக்கோட்டையின் வாசலில் வைத்து, "வெளிநாட்டவர் கட்டணத்தை ஏற்றிவிட்டார்கள், அது பேக்கேஜில் வராது" என்று ஓட்டுநர் ஆளுக்கு முழு டாலர் கட்டணத்தை ரொக்கமாக வாங்கியிருக்கிறார். பாஸ்போர்ட்டுகளையும் "கவுன்ட்டரில் காட்ட வேண்டும்" என்று மொத்தமாக வாங்கிக்கொண்டு போனார். திரும்பி வந்த பாஸ்போர்ட் ஒன்றுக்குள் ஒரு டிக்கெட் ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் அச்சாகியிருந்த தொகை, அவர் வாங்கியதில் பாதியை ஒட்டித்தான் இருந்தது. காரணம் எளிது. இந்தியா, சார்க் என்ற தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பில் உள்ள நாடு. சிகிரியா, பொலன்னறுவை, அனுராதபுரம் மூன்றிலும் சார்க் நாட்டவருக்கு மற்ற வெளிநாட்டவரைவிட நன்றாகக் குறைந்த கட்டணம் உண்டு. அதற்குத்தான் பாஸ்போர்ட் காட்ட வேண்டும். பதினான்கு பேர், மூன்று இடம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், எவ்வளவு பணம் என்று.

ஆகவே பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுக்காதீர்கள். கவுன்ட்டருக்கு நீங்களே போங்கள், "சார்க் டிக்கெட்" என்று கேளுங்கள், சிறுவர்களுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்றும் கேளுங்கள், டிக்கெட்டில் உள்ள தொகையைப் படித்துவிட்டு அங்கேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கட்டணம் அடிக்கடி மாறுவதால் புறப்படும் வாரத்தில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அனுராதபுரத்தில் ஸ்ரீ மகா போதி, இசுருமுனிய போன்றவற்றுக்குப் பொது டிக்கெட் செல்லாது, தனியாக வாங்க வேண்டும். புறாத் தீவு தேசியப் பூங்கா என்பதால் அங்கே வனவிலங்குத் துறை டிக்கெட் வேறு, படகு வாடகை வேறு. படகுக்கான பணத்தைக் கட்டுகிற இடத்தில், அன்று படகு போகாவிட்டால் திரும்பக் கிடைக்குமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

மூன்றாவதுதான் எங்களுக்கு மிகவும் வருத்தம் தந்தது: பொலன்னறுவையை அவர்கள் பார்த்த விதம். காலையில் கிளம்பிய வண்டி ஒரு மூலிகைத் தோட்டம், ஒரு ரத்தினக் கடை, ஒரு மரச்சிற்பக் கடை என்று நின்று நின்று, மாலை நான்கு மணிக்குத்தான் உள்ளே போயிருக்கிறது. கடைகளில் நீங்கள் வாங்குவதில் ஓட்டுநருக்குக் கமிஷன் உண்டு. பேக்கேஜை அடிமாட்டு விலைக்கு விற்பவர் ஓட்டுநருக்குச் சரியான சம்பளம் தருவதில்லை. அதை அவர் இந்தக் கடைகளில் ஈடுகட்டுகிறார். டிசம்பரில் அங்கே ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அரண்மனை இடிபாட்டையும் வட்டதாகே என்ற வட்ட வடிவப் பௌத்தக் கட்டடத்தையும் பார்த்து முடித்ததும், "நேரம் ஆகிவிட்டது" என்று திருப்பிவிட்டார்கள்.

பொலன்னறுவை ஓரிடத்தில் நின்று பார்த்துவிடக்கூடியது இல்லை. வடக்கு தெற்காகச் சில கிலோமீட்டர் நீளம். குறைந்தது நான்கு மணி நேரம் வேண்டும், அதுவும் வண்டியோ வாடகை சைக்கிளோ இருந்தால். இந்தக் குழு பார்க்காமல் வந்தது எதை? கி.பி. 993 வாக்கில் ராஜராஜன் படையெடுப்புக்குப் பின் சோழர்கள் தலைநகராக்கி ஜனநாதமங்கலம் என்று பெயரிட்ட ஊர் அது. அவர்கள் காலத்தில் முழுக்கக் கல்லால் கட்டிய சிவாலயம், இரண்டாம் சிவ தேவாலயம் என்று பலகை வைத்திருப்பார்கள், விமானத்தோடு இன்றும் நிற்கிறது. சுவரில் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. வானவன் மாதேவி ஈசுவரம் என்பது அதன் பழைய பெயர். நம் பக்கத்துச் சின்னச் சோழர் கோயில் ஒன்றைத் தூக்கிக் கொண்டுபோய் அந்தக் காட்டுக்குள் வைத்ததைப் போல இருக்கும். மையச் சாலையிலிருந்து சற்று விலகி இருப்பதால் அவசரக்கார வண்டிகள் அதைத் தாண்டிப் போய்விடுகின்றன. அதற்கும் வடக்கே கல் விகாரை: 12ஆம் நூற்றாண்டில் மன்னன் பராக்கிரமபாகு காலத்தில் ஒரே பாறையில் செதுக்கிய புத்தர்கள், படுத்திருப்பவர் மட்டும் சுமார் 14 மீட்டர். இவை இரண்டையும் பார்க்காமல் பொலன்னறுவை போனேன் என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. ஆகவே பயணத் திட்டத்தில் "பொலன்னறுவை" என்று ஒற்றை வரி இருந்தால் ஏற்காதீர்கள். எத்தனை மணிக்கு உள்ளே நுழைவு, எவ்வளவு நேரம், இந்த இரண்டு இடமும் உண்டா, வழியில் கடை நிறுத்தம் உண்டா இல்லையா என்று எழுதி வாங்குங்கள். கோயில், விகாரை எல்லாவற்றிலும் செருப்பைக் கழற்ற வேண்டும். வெயிலில் கல் சுடும், தடித்த சாக்ஸ் ஒரு ஜோடி எடுத்துப் போங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று போட்டோ எடுக்கக் கூடாது, காவலர்கள் கண்டிப்பார்கள்.

சிகிரியாவுக்கு மட்டும் காலையில் திறந்தவுடன் நுழைந்துவிட வேண்டும். சுமார் 1,200 படி. பத்து மணிக்கு மேல் பாறை கொதிக்கும், இரும்புப் படிகளில் கூட்டம் நகராது. இந்தக் குழுவைப் பதினொன்றரைக்குக் கொண்டுபோய் இறக்கி, எழுபது வயதுப் பாட்டியையும் "மெதுவாக ஏறிவிடலாம்" என்று அனுப்பியிருக்கிறார்கள். பாதியில் மயக்கம் வந்து இரண்டு பேர் தாங்கி இறக்கினார்கள். பெரியவர்கள் அடிவாரத்தில் மன்னன் காசியப்பன் கட்டிய நீர்த்தோட்டங்களோடு நின்றுகொள்ளலாம். 5ஆம் நூற்றாண்டு வேலை, அதுவே பார்க்கத் தகுந்தது. மழை பெய்திருந்தால் படி வழுக்கும். குளவிக் கூடுகள் உள்ள இடத்தில் பலகை வைத்திருப்பார்கள், அங்கே சத்தம் போடக் கூடாது.

தங்குமிடத்தில் செய்தது பழைய தந்திரம். விளம்பரத்தில் கடற்கரை விடுதியின் படம், கீழே சின்ன எழுத்தில் "அல்லது அதே தரத்தில்". கிடைத்தது கடலே தெரியாத, மெயின் ரோட்டு ஓரத்து லாட்ஜ். விடுதியின் பெயர், அறை வகை, முன்பதிவு எண் மூன்றையும் பணம் கட்டும் முன்பே வாங்கி, விடுதிக்கு நேரடியாக போன் செய்து உங்கள் பெயரில் அறை இருக்கிறதா என்று கேளுங்கள். விமானத்துக்கும் இப்படியே: பிஎன்ஆர் எண்ணை விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் போட்டு, உறுதியாகியிருக்கிறதா, எத்தனை கிலோ லக்கேஜ் என்று பாருங்கள். ஏஜென்ட் அனுப்பும் பிடிஎஃப் போதாது. இலங்கைக்குள் நுழைய ஆன்லைனில் வாங்கும் ஈடிஏ என்ற அனுமதியின் கட்டண விதி அடிக்கடி மாறுகிறது. இலங்கை அரசின் தளத்தில் நீங்களே போடலாம், முகவரி ஜிஓவி டாட் எல்கே என்று முடிய வேண்டும்.

நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பலில் போகலாம் என்று விற்பவர்களும் உண்டு. கடலூரிலிருந்து சென்னை போவதைவிட நாகை கிட்டம், கடல் பயணமும் நான்கு மணி நேரம் போலத்தான். ஆனால் மழைக்காலத்தில் அந்தச் சேவையை நிறுத்திவிடுவார்கள். கப்பல் ரத்தானால் கப்பல் டிக்கெட் பணம் வரலாம். அக்கரையில் கட்டிய வேன், ஓட்டல் பணம் யார் தருவது என்பதை முன்பே எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும்.

கடைசியாக ரசீது. பணத்தை நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். இந்தக் குழுவிடம் பாதிப் பணம் ஒரு தனி ஆளின் ஜிபே எண்ணில் வாங்கப்பட்டது, "ஜிஎஸ்டி, டிசிஎஸ்" என்று சொல்லி வாங்கிய பணத்துக்கு பில்லே இல்லை. ஜிஎஸ்டி எண்ணில் எண்களும் ஆங்கில எழுத்துகளுமாக மொத்தம் 15 இருக்கும். புதுச்சேரியில் பதிவானது 34 என்றும் தமிழ்நாட்டில் பதிவானது 33 என்றும் தொடங்கும். ஜிஎஸ்டி தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் கடையின் பெயரும், பதிவு உயிரோடு இருக்கிறதா என்பதும் தெரியும். டிசிஎஸ் என்பது வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு வருமான வரித் துறைக்காகப் பிடிக்கும் தொகை. வருமான வரித் தளத்தில் உங்கள் பான் எண்ணுக்கான வரிக் கணக்கில் அது ஏற வேண்டும், ரிட்டர்ன் போடும்போது கழித்துக்கொள்ளலாம். காலாண்டுக் கணக்கு தாக்கலான பிறகும் அங்கே வராவிட்டால் அந்தப் பணம் ஏஜென்ட் பையில் இருக்கிறது என்று பொருள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் விட்டுவிடாதீர்கள். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பணம் அனுப்பிய விவரம், டிக்கெட் போட்டோ, அன்றைய கடலின் வீடியோ, ஏஜென்ட்டுடன் நடந்த வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் நாள் வாரியாகச் சேர்த்து, முதலில் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியலாம். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஏஜென்ட் புதுச்சேரியில் இருந்தாலும் கடலூர்க்காரர் கடலூரில் தாக்கல் செய்யலாம். நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை, பத்து லட்சம் வரை 200 ரூபாய். பிரச்சினை நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயம் இல்லை.