செகண்ட் ஹேண்ட் விஎக்ஸ் 18 நைட்ரோ இன்ஜின்: வாங்கலாமா?

நைட்ரோ கார் (நைட்ரோமீத்தேன் கலந்த எரிபொருளில் ஓடும் ரிமோட் கண்ட்ரோல் பொம்மைக் கார்) மேல் ஆசை, புதுசு வாங்கக் கட்டுப்படியாகாது என்பவர்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம் விஎக்ஸ் 18. எச்எஸ்பி கம்பெனியின் 1/10 அளவு பகி, மான்ஸ்டர் டிரக் மாடல்களில் வரும் 2.74 சிசி டூ ஸ்ட்ரோக் இன்ஜின் இது. கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும், சைலன்சர் பக்கவாட்டில் இருக்கும். வேகத்துக்குப் பேர் போனதல்ல. ஆனால் டியூனிங் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பொறுத்துப்போகும், உதிரி பாகமும் ஆன்லைனில் கிடைக்கும். நல்ல நிலையில் அமைந்தால் 5-க்கு 3.5 கொடுக்கலாம். பிஞ்ச் (உச்சியில் பிஸ்டனை ஸ்லீவ் இறுக்கிப் பிடிக்கும் பிடி) போயிருந்தால் பேப்பர் வெயிட்டுக்குத்தான் ஆகும்.

முதலில் அது 18 தானா என்று பாருங்கள். 15, 16, 18 எல்லாம் வெளியே ஒரே சாடை. ஹெட்டில் பொறித்த எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஹெட்டை மாற்றி மாட்ட சில ஸ்க்ரூ கழற்றினால் போதும். வெர்னியர் வைத்து போரையும் ஸ்ட்ரோக்கையும் மில்லிமீட்டரில் அளந்து, போர் × போர் × ஸ்ட்ரோக் × 0.785 போட்டு 1000-ஆல் வகுத்தால் சிசி வந்துவிடும். 2.7 பக்கம் வந்தால் சரி. (கன இஞ்ச் கணக்குப்படி 0.18 என்றால் 2.95 சிசி வர வேண்டும். பேர் வைப்பதில் கொஞ்சம் தாராளம்.) கிராங்க் ஷாஃப்ட்டின் மரை உங்கள் கிளட்ச்சுக்குச் சேருமா, மவுண்ட் ஓட்டைகள் சேஸிஸில் உட்காருமா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள்.

இனி பிஞ்ச். இந்த இன்ஜினில் ரிங் கிடையாது. குரோம் பூசிய பித்தளை ஸ்லீவுக்குள் (சிலிண்டரின் உள்குழாய்) அலுமினிய பிஸ்டன் ஓடுகிறது. ஸ்லீவின் மேல்பக்கத்தை ஒரு மயிரிழை குறுகலாகக் கடைந்திருப்பார்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது பிஸ்டன் அங்கே போய்ப் பிடிக்கும். சூடாகி இரண்டும் விரிந்த பிறகுதான் சரியான அளவுக்கு வரும். குளோ பிளக்கை (ஸ்பார்க் பிளக்குக்குப் பதில் இருக்கும், கனலும் கம்பி வைத்த பிளக்) கழற்றிவிட்டு ஃப்ளைவீலை விரலால் சுற்றுங்கள். பிஸ்டன் டாப்புக்கு, அதாவது உச்சிக்கு வரும்போது கடித்துப் பிடித்து, தாண்டியதும் 'டக்'கென்று விட வேண்டும். எந்த இடத்திலும் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு சுற்றினால் விலை பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள். இதில் ஒரு ஏமாற்றும் உண்டு. ரொம்ப நாள் கிடந்த இன்ஜினில் எரிபொருளில் இருந்த ஆமணக்கு எண்ணெய் பிசினாக இறுகி, இல்லாத பிஞ்ச்சை இருப்பதாகக் காட்டும். இரண்டு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு, சற்று நேரம் சுற்றியபின் மறுபடி பாருங்கள்.

முடிந்தால் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஆறியிருக்கும்போது உடனே கிளம்பி, நன்றாகச் சூடானதும் ஐடிலில் (திராட்டில் கொடுக்காமல் ஓடும்போது) அணைந்துபோய், சூடு ஆறும்வரை திரும்பக் கிளம்ப மறுப்பது தேய்ந்த ஸ்லீவின் குணம். கார்புரேட்டரில் எரிபொருள் அளவைத் திருத்தும் ஸ்க்ரூவைக் காட்டி, "நீடிலைக் கொஞ்சம் திருகினால் சரியாகிடும்ணே" என்று சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

எக்ஸாஸ்ட் துளை வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்லீவின் மேல்பகுதியில் வெள்ளிப் பளபளப்புக்கு நடுவே மஞ்சள் தெரிந்தால் குரோம் உரிந்து பித்தளை எட்டிப்பார்க்கிறது என்று அர்த்தம். பிஸ்டன் தலை காபிப் பழுப்பாக இருந்தால் நல்லது. சாம்பல் நிறத்தில் பொரிப்பொரியாக இருந்தால் லீனாக (காற்று அதிகமாக, எரிபொருள் குறைவாக) ஓட்டி வாட்டியிருக்கிறார்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றி கார்புரேட்டரின் வாய்க்குள் விரல் விடுங்கள். நறநறவென்றால் வேண்டாம். வைகை மணலிலும் வற்றிய கண்மாய்க்குள்ளும் எண்ணெய் போடாத ஃபில்டரோடு ஓட்டிய வண்டி அது. உள்ளே போன தூசி ஸ்லீவை உப்புத்தாள் போல் தேய்த்திருக்கும்.

ஸ்லீவ் தேய்ந்தால் டிவிஎஸ் 50-க்குச் செய்வது மாதிரி போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் ஏற்ற முடியாது. குறுகலும் குரோமும் லேத்தில் திரும்ப வராது. பிஸ்டன், ஸ்லீவ், கான்ராட் செட்டாக மாற்றுவதுதான் வழி. அந்தச் செட்டின் விலையை முன்பே பார்த்து வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

இறுகிப்போன இன்ஜினை மட்டும் கயிறு இழுத்து எழுப்பப் பார்க்காதீர்கள். கயிறோ ஒன்வே பேரிங்கோ போய்விடும். பிளக்கைக் கழற்றி எண்ணெய் விட்டு, ஹேர் டிரையரால் ஹெட்டைச் சூடாக்கி, ஃப்ளைவீலை முன்னும் பின்னும் ஆட்டினால் விட்டுவிடும். எக்ஸாஸ்ட் துளைக்குள் ஸ்க்ரூடிரைவர் விட்டு பிஸ்டனைப் பிடித்து நிறுத்துவது சிலருக்குப் பழக்கம். பிஸ்டனின் ஓரம் அதோடு முடிந்தது.

பேரிங் ஆடினாலோ கரகரத்தாலோ மாற்றிவிடலாம், பயப்பட வேண்டியதில்லை. கேஸை மட்டும் ஹீட் கன்னால் சூடாக்கி, மரக்கட்டையில் தட்டினால் பின்பக்கப் பேரிங் தானாக விழும். மேலே உள்ள நம்பரையும் வெர்னியர் அளவையும் கொண்டுபோய் பேரிங் கடையில் கேளுங்கள். பின்பக்கத்துக்கு சீல் இல்லாததும், அதிக ஆர்பிஎம் தாங்குவதுமாக வேண்டும். திரும்ப மாட்டும்போது கார்புரேட்டர் கழுத்திலும் பேக் பிளேட்டிலும் சூடு தாங்கும் சிலிகான் சீலண்ட் மெல்லிசாகத் தடவுங்கள். ஐடில் ஒரு நேரம் ஏறி ஒரு நேரம் இறங்கினால் பெரும்பாலும் அங்கேதான் காற்று புகுகிறது. துளைகளை அடைத்து, தண்ணீரில் அமுக்கி, டியூப் வழியே ஊதினால் குமிழி இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

நீடில்களைத் தொடுமுன் மூடும்வரை எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். ஹெட் சூடு 100 முதல் 120 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கட்டும். கொரோனா காலத்து நெற்றி தெர்மாமீட்டர் அந்தச் சூட்டைக் காட்டாது, பட்டறையில் வைத்திருக்கும் இன்ஃப்ராரெட் கன் வேண்டும். முழு திராட்டிலில் மெல்லிய புகைக்கோடு எப்போதும் தெரிய வேண்டும். சித்திரை வெயிலில் டியூன் செய்ததை மார்கழிக் காலையில் அப்படியே ஓட்டினால் லீனாகிவிடும், ஏனென்றால் குளிர்ந்த காற்றில் ஆக்சிஜன் அதிகம். ஹை ஸ்பீடு நீடிலை லேசாகத் திறந்துவிட்டே கிளப்புங்கள்.

ஓட்டி முடித்ததும் டேங்க்கைக் காலி செய்து, மிச்சத்தை எரித்து, கார்புரேட்டரிலும் பிளக் துளையிலும் நாலைந்து சொட்டு ஆஃப்டர் ரன் எண்ணெய் (ஓட்டிய பின் துருப்பிடிக்காமல் காக்க விடும் எண்ணெய்) விட்டு, பிஸ்டனைக் கீழே நிறுத்தி வையுங்கள். மெத்தனால் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி மழையில் சும்மா கிடந்தால் பேரிங் துருப்பிடித்துவிடும். பெட்ரோலில் 2டி ஆயில் கலந்து ஊற்றச் சொல்லும் யோசனை வேலைக்காகாது. பிளக்கின் பிளாட்டினக் கம்பியை மெத்தனால்தான் கனலவைத்துக்கொண்டிருக்கும், பெட்ரோலால் முடியாது. நைட்ரோமீத்தேன் 16 முதல் 20 சதவீதம் உள்ள, கலந்தே வரும் எரிபொருளை வாங்குங்கள். தனி மெத்தனாலைத் தேடி அலையாதீர்கள்: அதற்கு லைசென்ஸ் கேட்பார்கள், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் உயிர்களைக் குடித்ததும் அதுதான். எந்த எரிபொருளானாலும் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கக் கூடாது.

விலைக்கு வருவோம். பிஞ்ச் நன்றாக இருந்து, பேரிங், புல் ஸ்டார்ட்டர், ஃபில்டர், பிளக் நாலும் போயிருந்தாலும் வாங்கலாம். அவற்றின் புது விலையைக் கூட்டிக் கழித்துவிட்டு மிச்சத்தைக் கொடுங்கள்.