340 யூரோவுக்கு வெள்ளிப் பூச்சு: ஆயர் தாலர் வாங்குவோர் பார்த்துக்கொள்ளுங்கள்

கொதிப்பு அடங்காமல்தான் எழுதுகிறேன். 340 யூரோ போயே போச்சு.

இணைய ஏலத் தளம் ஒன்றில் வந்த காசு. ஜெர்மனியின் வூர்ட்ஸ்பூர்க், பாம்பெர்க் இரண்டையும் ஒருசேர ஆண்ட ஆயர் ஆடம் ஃபிரீட்ரிக் ஃபொன் சைன்ஸ்ஹைம் பெயரில் 1760களில் அடித்த கன்வென்ஷன் தாலராம், அதாவது அக்காலப் பெரிய வெள்ளிக்காசு. நம்ப வைத்தது படமில்லை, எடை. "28.06 கிராம்" என்று புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம்! விதிப்படி எடையும் அதுவேதான்: ஒரு கொலோன் மார்க் சுத்த வெள்ளிக்கு, அதாவது சுமார் 233.86 கிராமுக்கு, பத்துத் தாலர். ஆயிரத்தில் 833 பங்கு வெள்ளி. அங்கேதான் உறைத்திருக்க வேண்டும். கைமாறித் தேய்ந்த காசு புத்தக எடையில் அப்படியே நிற்குமா?

தராசில் 28.1 காட்டியது. மலிவு உலோகம் லேசு என்பதால் தடிமனைக் கூட்டி எடையைச் சரிக்கட்டியிருக்கிறார்கள். காட்டிக்கொடுத்தது தண்ணீர். தண்ணீர்க் குவளையைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, காசை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுக்க அமிழ்த்த வேண்டும். அசல் என்றால் 2.75 கிராம் அளவில் காட்டும், காசின் எடையை அதால் வகுத்தால் அடர்த்தி 10.2. இது 3.2 காட்டியது, அடர்த்தி 8.8. வெள்ளியே இல்லை. விளிம்பில் வார்ப்புத் தையலை (வார்க்கும் அச்சின் இரு பாதி சேரும் தடம்) அரம் போட்டு அழித்த கோடும் இருக்கிறது. விளம்பரத்தில் விளிம்புப் படம் ஒன்றுகூட இல்லை.

விற்றவர் பதில்: "தாத்தா சேகரிப்பு, எனக்கு ஒன்றும் தெரியாது, திருப்பி எடுப்பதில்லை." தாத்தா எடையை மட்டும் இவ்வளவு துல்லியமாக எழுதிவைத்தாராக்கும். தளத்துக்காரர்கள் முதலில் எந்திரப் பதில் அனுப்பினார்கள். பிறகு "நாங்கள் இடைத்தரகர் மட்டுமே". கடைசியில் "புகார் கெடு முடிந்தது". கெடு முடிந்ததே இவர்கள் பதிலுக்குக் காத்திருந்ததில்தான். 340 யூரோவுக்கு இந்த மூன்று வரிதான் மிச்சம்.

விரிவாக வழி சொல்லலாம் என்றுதான் ஆரம்பித்தேன், இப்போது பொறுமையில்லை. விளிம்புப் படம் கேளுங்கள், தராவிட்டால் விட்டுவிடுங்கள். தடிமன் கேளுங்கள். காந்தத்தை நம்பாதீர்கள், பித்தளையும் ஒட்டாது. காசிலுள்ள தலையுருவத்துக்கு மேல் விளிம்பில் பற்றவைத்த தழும்பு இருந்தால் பதக்கமாகத் தொங்கிய காசு. அசலானாலும் விலை பாதி பெறாது. 20 குரொய்ட்சர் என்ற சிறிய வெள்ளிக்காசுக்கு (6.68 கிராம், 583 பங்கு) சமையலறைத் தராசு உதவாது: தண்ணீரில் அசல் 0.68, போலி 0.76. புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் காட்டும் தராசு வேண்டும். காசு கைக்கு வந்த அன்றே எடை போட்டுவிடுங்கள்.